உறை மோரும் டைனமோவும்

பால் இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, பதமான சூடும் இருக்கிறது. ஆனால் வீட்டில் உறை குத்த ஒரு சொட்டு மோர் இல்லை. இந்தச் சங்கடத்தை அறியாத குடும்பம் தமிழ்நாட்டில் உண்டா என்பது சந்தேகமே. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, "மாமி, ஒரு கரண்டி உறை மோர் கிடைக்குமா?" என்று கேட்க நாம் வெட்கப்படுவதில்லை. அந்த ஒரு கரண்டி, விடிவதற்குள் ஒரு படி பாலைத் தயிராக்கிவிடுகிறது. அந்தத் தயிரில் ஒரு கரண்டி மிச்சம் வைத்தால் மறுநாளைக்கு மற்றொரு படி. மிச்சம் வைக்க மறந்தோமோ, மறுபடியும் அடுத்த வீட்டுக் கதவுதான்.

மின்சாரம் உற்பத்தி செய்கிற யந்திரத்துக்கும் இதே சங்கடம் உண்டு. அதற்கும் முதல் நாள் மிச்சம் வேண்டும். இதை நாம் கல்லூரியில் படித்து, பரீட்சையில் எழுதி, பட்டமும் பெற்று, பிறகு பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தும் வந்திருக்கிறோம். ஆயினும் 2016-ம் வருஷம் டிசம்பர் மாதம் 13-ந் தேதி காலை வரையில் அது கரும்பலகையைச் சேர்ந்த விஷயமாகத்தான் இருந்தது. அன்றைக்குத்தான் அது ஒரு கிழவியின் மூச்சைச் சேர்ந்த விஷயமாயிற்று.

நாம் வசிப்பது ராஜா அண்ணாமலைபுரத்தில். அடையாறு கடலோடு கலப்பதற்குச் சற்று முன்னால், அதன் வடகரையில் இருக்கிற பேட்டை இது. செட்டிநாட்டு ராஜா ஸர் அண்ணாமலை செட்டியாரின் பெயரைத் தாங்கி நிற்பது. ஒரு காலத்தில் விசாலமான தோட்டங்களும் பங்களாக்களுமாக இருந்த இடத்தில் இப்போது அடுக்கு மாடிக் கட்டிடங்கள் நெருங்கி நின்றாலும், தெருவோரத்து மரங்கள் மட்டும் பழைய பெருமையை விட்டுக்கொடுக்காமல் இருந்தன. அந்தப் பெருமைக்கு 12-ந் தேதி திங்கட்கிழமை அன்று ஆபத்து வந்தது. 'வர்தா' என்னும் புயல் பிற்பகலில் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. மணிக்கு நூறு கிலோ மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அடித்த காற்றில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. மின்சாரக் கம்பங்களும் அவற்றோடு சாய்ந்தன. எங்கள் தெருவின் இரு முனைகளிலும் இரண்டு பெரிய மரங்கள் குறுக்கே படுத்துவிட்டன. ஆள் தாண்டிப் போகலாம். வண்டி போக முடியாது. டெலிபோனும் மௌன விரதம் பூண்டுவிட்டது.

எங்கள் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் சுவாசக் கோளாறு உள்ள ஒரு பாட்டியம்மாள் இருந்தார்கள். காற்றிலிருந்து பிராண வாயுவைப் பிரித்துத் தரும் ஒரு சிறு யந்திரம் அவர்களுடைய கட்டிலின் அருகே இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரம் நின்றதும் அதுவும் நின்றது. ஆபத்துக்கென்று வைத்திருந்த சிலிண்டர் ஒன்று உண்டு. அது மறுநாள் மத்தியானம் வரைக்கும் தாங்கும் என்று கணக்கிட்டார்கள்.

ஆனால் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. கொல்லைப்புறத்து ஷெட்டில் ஒரு டீசல் ஜெனரேட்டர் இருக்கிறதல்லவா? 2012-ம் வருஷத்தில் சென்னை நகருக்கே தினம் இரண்டு மணி நேர மின்வெட்டு இருந்தபோது குடித்தனக்காரர்கள் எல்லாரும் பணம் போட்டு வாங்கியது அது. பிறகு மின்வெட்டு குறைந்தது; அதை மறந்தும் போனோம். அந்த வருஷக் கோடையில் யாரோ ஒருவருக்குக் கவலை வந்து, அதன் ஆல்டர்னேட்டரை ஒரு பட்டறைக்கு அனுப்பி, கம்பிச் சுருள்களைப் புதிதாகச் சுற்றி வாங்கி வந்தார்கள். வந்த பிறகு எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்க்கவில்லை!

திங்கள் மாலை எஞ்சினைக் கிளப்பினோம். முதல் முயற்சியிலேயே சிங்கம் போல் கர்ஜித்தது. மாடிகளிலிருந்து சந்தோஷ ஆரவாரம் கேட்டது. ஆனால் விளக்கு ஒன்றும் எரியவில்லை. பலகையிலிருந்த வோல்ட் மீட்டரின் முள் பூஜ்யத்தில் படுத்தது படுத்தபடியே கிடந்தது. அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினோம். ஃப்யூஸைப் பார்த்தோம், ஸ்விட்சைப் பார்த்தோம், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பௌதிக ஆசிரியர் என்பதால் எல்லாரும் கடைசியில் நம்மைப் பார்த்தார்கள். நாம் எஞ்சினைப் பார்த்தோம்.

மறுநாள் காலை, காவல்காரர் மந்தைவெளி வரைக்கும் மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்து சென்று ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தார். வயது முப்பதுக்கு மேல் இராது. வந்தவர் எஞ்சினை ஓடவிட்டு, தம்முடைய மீட்டரின் இரு முனைகளையும் ஆல்டர்னேட்டரில் வைத்துப் பார்த்தார். 230 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் அரை வோல்ட்கூடத் தேறவில்லை.

"எஞ்சின் நல்லாத்தான் ஓடுது, ஸார். உள்ளே காந்தம் செத்துப்போச்சு. அதான் கரண்ட் பிறக்கலே" என்றார்.

நமக்குப் பிடரியில் யாரோ தட்டினாற்போல் இருந்தது. அந்த வாக்கியத்தின் பொருளைத்தான் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் விளக்குகிறோம்! அவரைச் சற்று நேரம் ஷெட்டிலேயே நிறுத்தி வைத்துவிட்டு, நேயர்களுக்கும் அதைச் சொல்லிவிடுவோம்.

ஒரு காந்தத்தின் அருகே கம்பிச் சுருளைச் சுழற்றினால், அல்லது சுருளின் அருகே காந்தத்தைச் சுழற்றினால், கம்பியில் மின்சாரம் பிறக்கும். 1831-ம் வருஷம் லண்டனில் மைக்கேல் பாரடே கண்டுபிடித்த உண்மை இது. சைக்கிளின் சக்கரத்தில் உராய்ந்து விளக்கெரிக்கும் சிறு டைனமோவைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் நிரந்தரக் காந்தம் ஒன்று சுழல்கிறது. அதில் உறை மோர்ப் பிரச்னையே கிடையாது. அதன் காந்தம் எப்போதும் தயார். ஆனால் சைக்கிள் விளக்குக்குப் போதுமானது ஒரு கட்டிடத்துக்குப் போதுமா? அந்தக் காலத்து எஃகுக் காந்தங்களுக்குப் பலம் குறைவு. நாளடைவில் அந்தப் பலமும் தேய்ந்து போகும். மெல்லிரும்பின்மேல் கம்பியைச் சுற்றி அதில் மின்சாரத்தைச் செலுத்தினால் அதைவிட எத்தனையோ மடங்கு வலிய காந்தம் கிடைக்கும். ஆனால் அந்த மின்சாரம் எங்கிருந்து வரும்? மின்சாரம் உண்டாக்க மின்சாரம் வேண்டும் என்றால், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்.

முப்பத்தைந்து வருஷம் இந்தக் கதையிலேயே விஞ்ஞானிகள் நின்றார்கள். சிலர் பாட்டரிகளை வைத்தார்கள். மாஞ்செஸ்டரைச் சேர்ந்த ஹென்றி வைல்ட் என்பவர், நிரந்தரக் காந்தம் வைத்த சிறிய யந்திரம் ஒன்றைச் சுழற்றி, அதில் பிறந்த மின்சாரத்தைப் பெரிய யந்திரத்தின் காந்தச் சுருளுக்குக் கொடுத்தார். அது சிறியவர் பெரியவருக்கு உதவி செய்த காட்சி. பெரியவர் தமக்குத் தாமே உதவி செய்துகொள்ள முடியும் என்று அதுவரையில் உலகத்துக்குத் தோன்றவில்லை.

உலகத்துக்குத் தோன்றவில்லை என்று சொன்னோமே தவிர, தனி மனிதர்களுக்குத் தோன்றியிருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஸோரன் யோர்ட் என்பவர் 1850-களின் நடுவிலேயே இத்தகைய யந்திரத்துக்குப் பேடெண்ட் வாங்கினார். ஹங்கேரி தேசத்தில் அன்யோஷ் யேட்லிக் என்ற பாதிரியார், பௌதிக ஆசிரியர், இந்தத் தத்துவத்தை அறிந்து யந்திரமும் செய்து வைத்திருந்தார். ஆனால் ஊரறியச் சொல்லவில்லை. ஆசிரியர்களுக்கே உரிய அடக்கம் என்று சொல்லிப் பெருமைப்பட நமக்கு ஆசைதான். ஆனால் அந்த அடக்கத்தினால் அவருடைய பெயரை இன்று ஹங்கேரிக்கு வெளியே அதிகம் பேர் அறியார்கள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. 1866-ம் வருஷக் கடைசியில் ஒரே விஷயம் பலருக்கு ஒரே சமயத்தில் தோன்றிவிட்டது. இங்கிலாந்தில் ஆல்பிரட் வார்லி டிசம்பர் மாதத்தில் பேடெண்டுக்கு விண்ணப்பம் போட்டார். பெர்லினில் வெர்னர் ஸீமென்ஸ் தம்முடைய யந்திரத்தை நண்பர்களுக்குக் காட்டினார். 1867 ஜனவரியில் அது பற்றிய கட்டுரை பெர்லின் விஞ்ஞானக் கழகத்தில் வாசிக்கப்பட்டது. பிப்ரவரி 14-ந் தேதி லண்டன் ராயல் சொஸைட்டியின் ஒரே கூட்டத்தில் ஸீமென்ஸின் கட்டுரையை அவருடைய தம்பி வாசித்தார். சார்லஸ் வீட்ஸ்டன் தம்முடைய கட்டுரையையும் அங்கேயே சமர்ப்பித்தார். இந்த ஸீமென்ஸ் சகோதரர்களுக்கும் நம் தேசத்துக்கும் சம்பந்தம் உண்டு. லண்டனிலிருந்து பாரசீகத்தின் வழியாகக் கல்கத்தாவுக்கு 1870-ல் செய்தி வந்த தந்திப் பாதையில் ஒரு பெரும் பகுதி அவர்கள் போட்டது. யார் முதலில் என்ற வழக்கை வழக்கறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். கண்டது என்ன என்பதுதான் நமக்கு முக்கியம்.

இரும்பு மறப்பதில்லை என்பதே அவர்கள் கண்டது. அதாவது, முழுக்க மறப்பதில்லை. இரும்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவில் கோடிக்கணக்கான சிறு பகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். சாதாரணமாக அவை நாலா திசையும் பார்த்துக்கொண்டு, ஒன்றின் பலத்தை மற்றொன்று கெடுத்துக்கொண்டு இருக்கும். சுருளில் மின்சாரம் பாயும்போது எல்லாம் ஒரு திசை பார்த்து அணிவகுத்து நிற்கும். மின்சாரத்தை நிறுத்தினால் அணி கலையும். பள்ளிக்கூட மணி அடித்ததும் பிள்ளைகள் கலைவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஓடிய பிறகும் சிலர் மட்டும் அதே இடத்தில் நிற்பார்களல்லவா? அப்படி இரும்பிலும் ஒரு சிறு பகுதி அணி கலையாமல் நின்றுவிடுகிறது. இதுதான் எஞ்சிய காந்தம். எஃகில் இது மிகுதி, மெல்லிரும்பில் குறைவு, ஆனால் மெல்லிரும்பிலும் முற்றிலும் இல்லாமற் போவதில்லை. காரணம் போன பிறகும் காரியம் பின்தங்கி நிற்கும் இந்தக் குணத்தை, டோக்கியோவில் ஆசிரியராக இருந்த ஈவிங் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1880-களின் தொடக்கத்தில் ஆராய்ந்து, 'ஹிஸ்டரீஸிஸ்' என்று கிரேக்கப் பெயர் சூட்டினார்.

இந்த மிச்சம்தான் உறை மோர். யந்திரம் சுழலத் தொடங்கியதும், எஞ்சிய காந்தத்தினால் கம்பியில் ஓரிரண்டு வோல்ட் பிறக்கிறது. அதை வெளியே விடாமல் யந்திரம் தன்னுடைய காந்தச் சுருளுக்கே கொடுக்கிறது. காந்தம் சற்றே வலுக்கிறது. அதனால் பிறக்கும் மின்சாரமும் சற்றே வலுக்கிறது. அதுவும் காந்தத்துக்கே போகிறது. இப்படி ஒன்றை ஒன்று கைதூக்கிவிட்டுச் சில வினாடிகளுக்குள் முழு வேகத்துக்கு வந்துவிடுகின்றன. எல்லையில்லாமல் ஏறிக்கொண்டே போகாதா என்று கெட்டிக்கார நேயர் ஒருவர் கேட்பார். போகாது. இரும்புக்குள் உள்ள குட்டிக் காந்தங்கள் அநேகமாக எல்லாம் அணிவகுத்தாயிற்று என்றால், மேற்கொண்டு எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் காந்தம் அதிகம் ஏறாது. இரும்பு திகட்டும் அந்த இடத்தில் யந்திரம் நிதானத்துக்கு வந்துவிடும்.

இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. பாலில் சூடு இல்லாவிட்டால் உறை இருந்தும் தோயாது. அதுபோல் யந்திரத்தின் வேகம் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் மின்சாரம் தோயாது. காந்தச் சுருளின் வழியில் தடை அதிகமாக இருந்தாலும் தோயாது. எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று: சுருளின் இரு முனைகளையும் இடம் மாற்றி இணைத்துவிட்டால், பிறக்கும் சொற்ப மின்சாரம் எஞ்சிய காந்தத்தை வளர்க்காமல் அழிக்கவே செய்யும். உறை மோரைப் பாலில் விடுவதற்குப் பதிலாகச் சாக்கடையில் கொட்டிய கதை அது.

1895-ல் சென்னையில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது, 1953-ல் நின்றது. மயிலாப்பூர்ப் பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மாலைப் பொழுது போதாது. அந்த டிராமுக்குரிய நேர் மின்சாரத்தை உண்டுபண்ணும் டைனமோக்களுக்குத் தம்முடைய மிச்சத்தைத் தாமே காப்பாற்றிக்கொள்ளும் இந்தத் தத்துவம்தான் உயிர் நாடி. இன்றைய டீசல் ஜெனரேட்டரில் இடையே சில தரகர்கள் புகுந்திருக்கிறார்கள். பெரிய யந்திரத்தின் அச்சிலேயே ஒரு குட்டி யந்திரமும் இருக்கிறது. மிச்சக் காந்தம் வசிப்பது அந்தக் குட்டியின் அசையாத இரும்பில். அங்கே பிறக்கும் மின்சாரம், அச்சோடு சேர்ந்து சுழலும் டையோடுகளின் வழியே பெரிய காந்தச் சுருளுக்குச் செல்கிறது. அதனால் பெரிய யந்திரத்தில் பிறக்கும் சில வோல்ட்டை, 'ஏ.வி.ஆர்.' என்னும் சிறு பெட்டி வாங்கி மீண்டும் குட்டி யந்திரத்துக்கே அனுப்புகிறது. வோல்ட் ஏற ஏற, 230-ல் நிறுத்தி வைப்பதும் அந்தப் பெட்டியின் வேலையே. தரகர்கள் எத்தனை பேர் இருந்தாலும் முதல் போடுவது அந்தத் துளி மிச்சம்தான்.

அந்த மிச்சம் எங்கள் யந்திரத்தில் எப்படிப் போயிற்று? நீண்ட காலம் ஓடாமல் கிடந்தால் குறையலாம். உள்ளே பிரித்துத் தட்டிக்கொட்டி வேலை செய்தாலும் குறையலாம். பட்டறையில் சோதிக்கும்போது பாட்டரியைத் தலைகீழாகத் தொட்டிருந்தாலும் போகலாம். எது என்று நமக்கு ருசுப்படுத்த வழியில்லை. கோடையிலேயே விளக்கெரித்துப் பார்க்காத குற்றம் எங்களுடையது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

இனி ஷெட்டுக்குத் திரும்புவோம். எலக்ட்ரீஷியன் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பெட்டியிலிருந்து குட்டி யந்திரத்தின் சுருளுக்குப் போகும் இரண்டு கம்பிகளைக் கழற்றினார். எது கூட்டல், எது கழித்தல் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். "மாத்தித் தொட்டா இருக்கிறதும் போயிடும், ஸார்" என்றார். எஞ்சினைக் கிளப்பப் பயன்படும் அதே 12 வோல்ட் பாட்டரியிலிருந்து இரண்டு கம்பிகளை இழுத்து, அந்தச் சுருளின் முனைகளில் வைத்துக்கொண்டு வாய்க்குள் பத்து வரை எண்ணினார். எடுக்கும்போது ஒரு சிறு பொறி தெறித்தது. அவ்வளவுதான் வைத்தியம். பழைய கம்பிகளைப் பழையபடி முடுக்கிவிட்டு, "இப்போ போடுங்க" என்றார்.

எஞ்சின் கர்ஜித்தது. முள் ஒரு கணம் தயங்கியது. பிறகு மெல்ல எழுந்து, ஐம்பது, நூறு என்று போய், ஒரே தாவலில் 230-ஐ எட்டி நின்றது. உடனே ஸ்விட்சைப் போட நாம் கையை நீட்டினோம். அவர் நம்முடைய கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். தெருக் கம்பியிலிருந்து எங்கள் கட்டிடம் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று மாற்று ஸ்விட்சைப் பார்த்த பிறகுதான் சம்மதித்தார். இல்லாவிட்டால் எங்கள் மின்சாரம் வெளியே போய், அறுந்த கம்பியைச் சேர்த்துக்கொண்டிருக்கும் மின்சார வாரிய ஊழியர் யாரையாவது கொன்றிருக்கும். பட்டதாரிக்கு அந்த அவசரத்தில் அது தோன்றவில்லை.

அப்போது மணி பத்தரை. மூன்றாவது மாடியில் சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டதாக அவர்களுடைய மருமகள் பிறகு சொன்னார்கள். கட்டில் அருகேயிருந்த யந்திரம் மறுபடி ஓடியது. டீசலைச் சிக்கனமாகப் பங்கிட்டு, அதற்கு மட்டும் எப்போதும், தண்ணீர்ப் பம்புக்குக் காலையில் அரை மணி என்று ஏற்பாடு செய்துகொண்டோம். தெருவுக்கு மின்சாரம் வந்தது அதற்கும் மூன்று நாள் கழித்து.

இந்தச் சங்கடம் எங்கள் ஷெட்டோடு நிற்பதல்ல. பெரிய அனல் மின் நிலையம் ஒன்று அடியோடு நின்றுவிட்டால், அதன் பம்புகளையும் காற்றாடிகளையும் ஓட்டவே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். 2012-ம் வருஷம் ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டது நினைவிருக்கலாம். இரண்டாவது நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து இருண்டன; அறுபது கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் மின்சாரமின்றித் தவித்தார்கள். தென்னாடு அப்போது தப்பியது. தென் மாகாணங்களின் மின் வலை மற்றவற்றோடு ஒரே தாளத்தில் இணைக்கப்பட்டது 2013 டிசம்பர் 31-ந் தேதிதான். அப்படி எல்லாம் இருண்ட சமயத்தில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டவும் வழியில்லை; அடுத்த வீடும் இருட்டு. அப்போது முதலில் எழுந்திருக்கக் கூடியவை நீர்மின் நிலையங்களே. மதகைத் திறந்தால் சக்கரம் சுழலும். நிலையத்திலுள்ள பாட்டரி வரிசையிலிருந்து காந்தச் சுருளுக்குச் சில வினாடிகள் மின்சாரம் கொடுப்பார்கள். நம்முடைய எலக்ட்ரீஷியன் ஷெட்டில் செய்த அதே காரியம்; அளவுதான் வேறு.

முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு சேதி. அவற்றில் பழைய மாதிரி யந்திரங்கள் பல, தமக்கு வேண்டிய காந்தத்தைத் தாமே வளர்த்துக்கொள்ளாமல் மின் வலையிலிருந்து கடன் வாங்குகிறவை. வலையில் மின்சாரம் நின்றால், ஆடி மாதக் காற்று எவ்வளவு அடித்தாலும் அவற்றை நிறுத்திவிடத்தான் வேண்டும்.

எலக்ட்ரீஷியனுக்குக் கூலி கொடுக்கப் போனபோது வேறொரு விதமான தட்டுப்பாடு குறுக்கிட்டது. பழைய நோட்டுகள் செல்லாதென்று அறிவித்து ஒரு மாதமே ஆகியிருந்த சமயம். கட்டிடம் முழுவதும் தேடியதில் அகப்பட்டது ஒரே ஓர் இரண்டாயிரம் ரூபாய் நோட்டு. அவரிடம் சில்லறை இல்லை. "அப்புறம் வாங்கிக்கிறேன், ஸார்" என்று மரத்தைத் தாண்டிப் போய்விட்டார். பொங்கலுக்குச் சற்று முன்புதான் நூறு ரூபாய் நோட்டுகளாக அவருடைய கணக்கைத் தீர்க்க முடிந்தது.

அன்று முதல் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், கால் மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டி, மாடிப்படி விளக்குகளையும் பம்பையும் அதில் ஏற்றிப் பார்க்கிறோம். கீழ்த்தளத்துக்காரர்கள் தூக்கம் கெடுவதாக முணுமுணுப்பார்கள். பாட்டியம்மாளுக்கு நாம் ஒரு நாள் உறை மோர்க் கணக்கில் இந்த விஷயத்தை விளக்கிச் சொல்லியிருந்தோம். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார்கள். எஞ்சின் சத்தம் கேட்டதும், மூக்கில் குழாயோடு பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா, உறை இருக்கா?" என்று கேட்பார்கள்.